ரூபனுக்குக் காசு போட வந்தவர்கள்

மறியலில், அதுதான் சிறையில், இருக்கிறவர்களுக்குக் காசு போடுவதற்கென்று எங்கள் கட்டடத்தின் முன்வாசலில் ஒரு கண்ணாடி யன்னல் இருந்தது. இப்போது அதை மூடிவிட்டார்கள். எல்லாம் போனிலேயே செய்யலாம். உள்ளே இருக்கிற ஆளின் பெயரையும் இலக்கத்தையும் அடித்து, வங்கி அட்டையின் விபரத்தைக் கொடுத்தால் காசு போய்ச் சேர்ந்துவிடும்.

நான் வேலையிலிருந்து இளைப்பாறின அன்று கேக் வெட்டினார்கள். புதிதாகச் சேர்ந்திருந்த ஷாலினி என்ற பிள்ளை பக்கத்தில் வந்து, "அன்ரி, முந்தி ஆக்கள் நேர வந்து லைன்ல நிண்டோ காசு குடுத்தவை? ஸோ வியர்ட்" என்றாள். அவளுக்குப் பரமக்காவின் கதையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் யாரோ கேக்கை நீட்டினார்கள். அன்று சொல்லாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

ரொறன்ரோவுக்கு வந்தபோது நான் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு பதினோராம் மாடியில் இருந்தேன். துப்புரவு வேலை, பிஸ்கற் பக்ரறி, இரவில் ஆங்கில வகுப்பு என்று சில வருஷங்கள் போயின. மகன் பிரதீப் பள்ளிக்கூடம் தொடங்கிய காலத்தில், ஒரு தடுப்பு மறியலின் அலுவலகத்தில் கிளாக் வேலை கிடைத்தது. பென்சன் உள்ள வேலை என்று கேட்டவுடன் மறியல் என்ற சொல் எனக்குப் பயமாகத் தெரியவில்லை. என் கணவர் இறந்து நாலைந்து மாதம்தான். யாராவது எனக்கு ஒரு கதவைத் திறந்தால் போதும் என்றிருந்தேன்.

வேலை பழக்கியவ லோர்னா. சின்ன வயதில் கரிபியன் தீவொன்றிலிருந்து வந்தவ. நல்ல உயரம். மூக்குக்கண்ணாடி ஒரு சங்கிலியில் நெஞ்சில் தொங்கும். காலையில் யன்னல் திறக்கமுதல், துப்புரவாளர் துடைத்த கண்ணாடியைத் தானும் ஒருதரம் துடைப்பா. "வருகிற ஆட்கள் அழுக்கான கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்க்கக்கூடாது" என்பா. குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை.

அவவின் ஒழுங்கு இதுதான். முதலில் வந்தவரின் அடையாள அட்டை. பிறகு உள்ளே இருக்கிறவரின் முழுப்பெயரும் பிறந்த திகதியும். இரண்டில் ஒன்று தெரியாவிட்டால் காசு வாங்கக்கூடாது. வாங்கினால் தாள்களை முகம் மேலே தெரியும்படி அடுக்கி, கொடுத்தவரின் கண்முன்னால் எண்ணவேண்டும். பின்னால் நிற்கிற இன்னொருவர் மறுபடி எண்ணவேண்டும். கடைசியாகப் பற்றுச்சீட்டு. அதில் அவர் இன்றைக்குக் கொடுத்தது மட்டும் இருக்கும். கணக்கில் எவ்வளவு கிடக்கிறது, வேறு யார் போட்டார்கள் என்பதைப் பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாது. "காசை வாங்கு, கதையை வாங்காதே." லோர்னா ஆங்கிலத்தில் சொன்னதை நான் தமிழில் இப்படி மனதில் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் பழக்கினா. ஒருநாள் ஒரு வயதானவர் காலாவதியான அட்டையோடு வந்தார். முடியாது என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்தே சொன்னேன். அவர் அசையாமல் நின்றார். லோர்னா எழும்பி, கதவைத் திறந்து வெளியே போய், அவரை ஒரு கதிரையில் இருத்தித் தானும் பக்கத்தில் இருந்து, அதே 'முடியாது' என்பதைத் திரும்பவும் சொன்னா. அவர் தலையாட்டிவிட்டுப் போனார். "இல்லை என்று சொல்வதென்றால் பக்கத்தில் போய்ச் சொல்" என்றா.

ரூபன் உள்ளே வந்தது நான் அந்த யன்னலில் ஊறிப்போன காலம். களவெடுத்த கார்களோடு பிடிபட்ட ஒரு கூட்டத்தில் அவனும் ஒருவன். பிணை கிடைக்கவில்லை. வழக்கு விளங்கும்வரை உள்ளேதான். முதல் சனிக்கிழமையே அவனுடைய தாய் பரமக்கா வந்தா. மெலிந்த மனுசி. கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்காபரோவில் ஒரு கடையில் சாறி பிளவுஸ் தைக்கிறவ. அவசரத்தில் கழற்றாமல் வந்துவிட்டா.

"தங்கச்சி தமிழோ?"

"ஓம் அக்கா."

"அப்பாடா. என்ரை பிள்ளைக்குக் காசு போடவேணும்." பெயரையும் பிறந்த திகதியையும் மூச்சு விடாமல் சொன்னா. நான் எண்ணி முடித்துச் சீட்டை நீட்ட, கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தா. "உவள் வந்தவளோ?"

"ஆர் அக்கா?"

"அவன்ரை பெண்சாதி. உயரமான பெட்டை."

"வேறை ஆக்களைப் பற்றிச் சொல்லேலாது அக்கா."

"வந்தவளோ எண்டுதானே கேட்டனான்? எவ்வளவு போட்டவள் எண்டு கேட்டனானே?" பிறகு தனக்குள் சொல்வதுபோல, "மட்டக்களப்பார் மந்திரம் போட்டு வந்த ஆளைப் பாயோடை ஒட்ட வைப்பினம் எண்டு அந்த நாளிலை சொல்லேக்கை சிரிச்சனாங்கள். இப்ப பாத்தா என்ரை பிள்ளையை ஒட்டிப்போட்டாள்" என்றா.

செவ்வாய்க்கிழமை அந்த உயரமான பெட்டை வந்தாள். டிலா என்று கூப்பிடுவார்கள். ஊர் மட்டக்களப்பு. ஒஷாவாவில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. முடித்த கையோடு ரெயினும் பஸ்ஸும் பிடித்து வந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. காசை நீட்டிவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"அன்ரி, எங்கட மாமி வந்தவவா?"

"சொல்லேலாது பிள்ளை."

"வந்திருப்பா. எவ்வளவு போட்டா எண்டு மட்டும் சொல்லுங்களன். நான் அதுக்குக் குறையப் போட்டா மறுகா அவருக்கிட்ட போன்ல சொல்லிக் காட்டுவா."

ஒருவருக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேரின் காசும் என் கையால்தான் போனது. யார் முந்துகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். அது பார்க்கக்கூடாத ஒரு ஓட்டப்போட்டியைத் தனிய இருந்து பார்ப்பது மாதிரி. நான் பரமக்காவின் பக்கம். அதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் பிரதீப்பும் அந்த வருஷம்தான் கலியாணம் முடித்து, ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிக்கொண்டு போனான். மருமகள் அபி நல்ல பிள்ளை. அதுதான் கரைச்சல். குற்றம் சொல்லக்கூட ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிடுகிறபோது, "அம்மா, அபி வைக்கிற கத்தரிக்காய்க் குழம்பும் உங்கடை மாதிரியே இருக்கு" என்றான் பிரதீப். அந்த ஒரு 'உம்' எனக்குள் போய்க் குத்திக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன். ஆகவே டிலாவின் காசுக் கட்டு தடிப்பாக இருந்த செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு மனம் சுருங்கும். பரமக்கா முந்துகிற சனிக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு ருசிக்கும்.

இதில் ரூபனுக்கும் பங்கு இருந்தது. பின்னால்தான் அறிந்தேன். போனில் தாயிடம், "நீங்கள்தான் அம்மா கூடப் போட்டிருக்கிறியள்" என்பானாம். பெண்சாதியிடமும் அதையே சொல்வானாம். இரண்டு பேரும் சந்தோஷப்பட்டு, அந்த இடத்தைப் பறிகொடுக்காமலிருக்க அடுத்தமுறை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டு வருவார்கள். பரமக்கா வீட்டிலும் தைக்கத் தொடங்கினா. டிலா ஓவர்ரைம் கேட்டு வாங்கினாள்.

உள்ளே காசு கையில் புழங்காது. கணக்கில் இருக்கும். கிழமைக்கு ஒருதரம் கன்ரீனில் நூடில்ஸ், சொக்கிலேற், சிப்ஸ், சவர்க்காரம் என்று எழுதிக் கொடுத்து எடுக்கலாம். அதற்கும் ஒரு எல்லை உண்டு. மிச்சம் கணக்கிலேயே கிடக்கும். எவ்வளவு மிச்சம் என்று சாமான் பையோடு வருகிற துண்டில் அச்சாகி வரும். அந்தத் துண்டைப் பக்கத்து ஆள் பார்த்துவிட்டால் ஆபத்து அங்கேதான் தொடங்கும்.

ஒருநாள் லோர்னா ரூபனின் கணக்கைத் திரையில் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தா. கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் விட்டா.

"இந்தப் பையனை யாரோ அன்பால் கொல்லப்போகிறார்கள்" என்றா.

"நிப்பாட்டச் சொல்லலாமா?" என்று கேட்டேன்.

"எந்தச் சட்டத்தில் ஒரு தாயை நிப்பாட்டுவாய்? மேலே சொல்லி வைக்கிறேன். நீ ஒன்று செய். இந்தக் குடும்பத்தில் யாராவது வேறொரு கைதியின் பெயருக்குக் காசு போட வந்தால், அந்த நிமிஷமே எனக்குச் சொல். அப்படி வந்தால் உள்ளே இவனை யாரோ நெருக்குகிறார்கள் என்று அர்த்தம்."

அதற்குப் பிறகு வந்த ஒரு செவ்வாய்க்கிழமை டிலா யன்னலடிக்கு வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளங்கையை விரித்து, பேனையால் எழுதியிருந்த ஒரு பெயரை வாசித்தாள். ரூபனின் பெயர் இல்லை. தமிழ்ப் பெயரும் இல்லை.

"இது ஆர் பிள்ளை?"

"ஒரு ஃப்ரெண்ட் அன்ரி."

"பிறந்த திகதி?"

கையைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே வேறொன்றும் இருக்கவில்லை. "பேர் மட்டுந்தான் சொன்னவர்."

"ஆர் சொன்னது? ரூபனோ?"

காசை யன்னலுக்குள் தள்ளினாள். "ஒண்ணும் கேக்காம எடுங்க அன்ரி. இண்டைக்குப் போடாட்டி..."

நான் "கொஞ்சம் நில்லும்" என்று சொல்லிவிட்டு லோர்னாவிடம் போனேன். லோர்னா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பெயரை மட்டும் வாங்கி, ரெலிபோனை எடுத்து உள்ளே பாதுகாப்புப் பகுதிக்குப் பேசினா. நான் வெளியே போய் டிலாவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"இந்தக் காசை எடுக்கேலாது. வீட்டை கொண்டு போம். மற்றதை அவையள் பாப்பினம்."

"அவருக்கு அடிச்சிரிக்காங்க அன்ரி. மூச்சு விட நோகுதாம். கண்ணும் திறக்க ஏலாதாம்." என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "மாமிக்குச் சொல்லிராதீங்க. என்னாலதான் எண்டு சொல்லுவா."

அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? அவன் இதைத் தாய்க்குச் சொல்லாமல் இவளுக்குச் சொல்லியிருக்கிறான் என்பதுதான். பரமக்காவுக்காக எனக்கு நெஞ்சு எரிந்தது.

அன்று மத்தியானமே ரூபனை வேறு பகுதிக்கு மாற்றி வைத்தியரிடம் காட்டினார்கள். ஒரு விலா எலும்பில் வெடிப்பு. கண் வீங்கி மூடியிருந்தது, பார்வைக்குப் பழுதில்லை. இனி அவன் கணக்குக்கு ஒரே ஒருவர்தான் காசு போடலாம், அதுவும் கொஞ்சமாக என்று முடிவானது. அந்த ஒருவர் யாரென்று அவனே எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். லோர்னா என்னையும் கூட்டிக்கொண்டு போனா. அவனை நான் கண்டது அந்த ஒருமுறைதான். பரமக்காவின் அதே மெலிவு, அதே கூர்மூக்கு.

டிலாவின் பெயரை எழுதினான். எனக்கு அடக்க முடியவில்லை. தமிழில் கேட்டேன். "அம்மா இல்லையோ தம்பி?"

"அம்மாட்ட ஸ்டொப் எண்டு சொன்னா டபுளாப் போடுவா அன்ரி. நைற் முழுக்கத் தைப்பா. அவவுக்குக் கண் ஏற்கெனவே பிரச்சினை. டிலாக்கு ஸ்டொப் எண்டா ஸ்டொப்." பேனையைத் திருப்பித் தந்துவிட்டு, "அம்மா மைண்ட் பண்ணுவாவோ?" என்று கேட்டான். திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான்.

சனிக்கிழமை பரமக்கா வந்தா. கட்டு முன்னையதைவிடத் தடிப்பு. நான் கதவைத் திறந்து வெளியே போய், அவவைக் கதிரையில் இருத்திப் பக்கத்தில் இருந்தேன். அவவுக்கு விளங்கிவிட்டது. முகம் கறுத்தது.

"பிள்ளைக்கு என்ன?"

"பிள்ளை சுகம் அக்கா. ஆனா இனி உங்களிட்டை இருந்து காசு எடுக்கேலாது. அவர் எழுதித் தந்திட்டார்."

"ஆர் எழுதித் தந்தது? என்ரை பிள்ளையோ?"

"ஓம் அக்கா."

கொஞ்ச நேரம் கைப்பையின் சிப்பைத் திறந்து திறந்து பூட்டினா. பிறகு மெல்லக் கேட்டா. "அவளின்ரையும் வேண்டாமாமோ?"

"அதைச் சொல்லேலாது."

"வாயாலை சொல்லவேண்டாம். ரெண்டு பேரையும் வேண்டாம் எண்டவன் எண்டால் தலையை மட்டும் ஆட்டும். நான் நிம்மதியாய்ப் போறன்."

நான் தலையை ஆட்டவில்லை. ஆட்டாததே அவவுக்குப் பதிலாகிவிட்டது.

"உமக்குப் பிள்ளையள் இருக்கோ தங்கச்சி?"

"ஒரு மகன்."

"கலியாணம்?"

"முடிஞ்சுது."

"அப்ப உமக்கு விளங்கும்" என்று சொல்லிவிட்டு எழும்பினா. காசைப் பைக்குள் திரும்ப வைத்த விரல்களைப் பார்த்தேன். ஊசி குத்திக் குத்திக் கறுத்த விரல்கள்.

லோர்னாவிடம் போய்ச் சண்டைபோடாத குறை. "'உங்கடை கண்ணுக்காகத்தான் அவன் இப்படிச் செய்தவன்' என்று அவவிடம் ஒரு வசனம் சொல்ல விடுங்கள். அந்த மனுசி உடைந்துபோய்ப் போகிறது" என்றேன்.

"அது அவன் தன் தாய்க்குச் சொல்லவேண்டிய வசனம். அதை நீ எடுத்துச் சொன்னால் அவன் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்?" என்றா லோர்னா. அதோடு நின்றுவிடவில்லை. மேல்மாடிக்குப் போய், உள்ளே இருக்கிற சமூகசேவையாளரிடம், அந்தப் பையன் தன் தாயோடு பேசவேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தா.

அன்று பின்னேரம் அபி போன் எடுத்து, ஞாயிறு சாப்பாட்டுக்கு வரச்சொன்னாள். வேலை இருக்கு என்றேன். ஒரு வேலையும் இருக்கவில்லை. பல்கனியில் நின்று வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரூபன் எடுத்த போனைப் பரமக்கா தூக்கவில்லை. அவவுக்கு அவ்வளவு கோபம். அடுத்த சனிக்கிழமைகளில் அவவைக் காணவேயில்லை. லைனில் மெலிந்த பெண் யார் நின்றாலும் எட்டிப் பார்ப்பேன். டிலா மட்டும் செவ்வாயில் வந்து, சொன்ன அளவில் காசைப் போட்டுவிட்டுப் போவாள். வென்ற ஆளின் முகம் அவளிடம் இருக்கவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பனி கொட்டிய ஒரு சனிக்கிழமை, லைனில் டிலா நின்றாள். சனிக்கிழமையில் அவளை நான் கண்டதில்லை. அவளுக்குப் பக்கத்தில் பரமக்கா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஆனால் ஒன்றாக நகர்ந்து வந்தார்கள். பரமக்கா கழிவறைக்குப் போன இடைவெளியில் டிலா கதையைச் சுருக்கிச் சொன்னாள்.

"சண்டை பிடிக்கத்தான் மாமி எங்கட அபார்ட்மென்ருக்கு வந்தவ. கதவடியில நிண்டே ஏசினா. நான் உள்ள கூப்பிட்டுச் சோறு போட்டன், தொடவே இல்ல. மறுகா, அவருக்கு அடிச்ச கதையச் சொன்னன். அவர் ஏன் என்ட பேர எழுதினார் எண்டும் சொன்னன். அப்பதான் அவர் போன் எடுத்தாரு. நான் ஸ்பீக்கரில போட்டன். 'அம்மா, உங்கட கண் எப்பிடி?' எண்டுதான் முதல் கேட்டாரு. மாமி என்ட கையப் புடிச்சிக்கிட்டு அழுதா அன்ரி. அழுது முடிச்சுச் சோத்தச் சாப்பிட்டா." கொஞ்சம் நிறுத்தி, "சாப்பிட்டிட்டு, குழம்புக்கு உப்புக் கூட எண்டா" என்றாள்.

பரமக்கா திரும்பி வந்தா. நான் படிவத்தை எடுத்தேன்.

"எழுதும் தங்கச்சி. அவளின்ரை பேரையே எழுதும்."

டிலா ஒரு சின்னக் கட்டை எடுத்து வைத்தாள். பரமக்கா தன்னுடைய பையிலிருந்து இன்னொரு சின்னக் கட்டை எடுத்தா.

"பாதி அவளின்ரை. பாதி என்ரை. சீட்டிலை அதை எங்கையாவது எழுதேலாதோ?"

"ஒரு பேர்தான் அக்கா எழுதலாம்."

"அப்ப சரி." ஒரு பெருமூச்சு. பிறகு தன் கட்டை எடுத்து டிலாவின் கட்டுக்கு மேலே வைத்தா. "என்ரையை முதல் எண்ணுமன்."

டிலா கூரையைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கினாளோ எரிச்சலை அடக்கினாளோ தெரியவில்லை. நான் பரமக்காவினுடையதை முதல் எண்ணினேன். மறுபடி எண்ண வந்த லோர்னா, தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மனுசி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு, தானும் மேலே இருந்த கட்டையே முதல் எடுத்தா.

ரூபன் பின்பு வழக்கு முடிந்து வெளியே போனான். போகும் வரைக்கும் சனிக்கிழமைகளில் அவர்கள் சேர்ந்துதான் வந்தார்கள். யார் காசு முதல் என்ற சண்டை ஒருநாளும் தீரவில்லை.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அவர்கள் சேர்ந்து வந்த அந்த முதல் சனிக்கிழமை. பற்றுச்சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். வாசலின் பெரிய கண்ணாடி வழியாகப் பஸ் தரிப்பிடம் தெரியும். படிக்கட்டு உறைந்து வழுக்கியது. பரமக்கா ஒரு படியில் தயங்கினா. டிலா கையை நீட்டினாள். பரமக்கா அந்தக் கையைப் பார்த்தா, பார்க்காததுபோலக் கைபிடிக் கம்பியைத் தேடினா, அதுவும் பனியால் மூடிக் கிடக்க, கடைசியில் மருமகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டா. இறங்கின பிறகும் விடவில்லை. பஸ் வரும்வரை காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு, ஒருவரை ஒருவர் ஒட்டியபடி நின்றார்கள். என்னவோ கதைத்தார்கள். பரமக்கா கையை ஆட்டி ஆட்டி ஏதோ குற்றம் சொல்வது தெரிந்தது.

எனக்கு அதுவரை டிலாமேல்தான் பொறாமை. அன்று இரண்டு பேர்மேலும் வந்தது.